பாட்டில் இருப்பது எது, நாம் ஏற்றுவது எது?

வாசகர் கேள்வி – பதில்

பாட்டிலும் கதையிலும் மறைந்திருக்கும் பொருளை எப்படிக் கண்டெடுப்பது, கண்டது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல இதையே கேட்டிருந்தன. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். "நாரைன்னா நாரை, மீனுன்னா மீனு. அதுக்குள்ள தலைவனையும் தலைவியையும் புலவர் வச்சாரா, இல்ல நீங்க வைக்கிறீங்களா சார்?" என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்கிறான். என்ன சொல்வது?
— ஆசிரியர், தங்கச்சிமடம்

பையனை மழுப்ப வேண்டாம், கேட்டது நல்ல கேள்வி. சங்க அகப்பாட்டைப் பொறுத்தவரை வைத்தவர் புலவர்தான். நம்முடைய ஊகமாக இதைச் சொல்லவில்லை. பழைய இலக்கணமே எழுதிவைத்த வழக்கம் இது. பாட்டில் வருவனவற்றைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், பறவை, மீன், உணவு, தொழில், தெய்வம் போன்றவை கருப்பொருள். கூடல், பிரிவு, இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். கருப்பொருளைச் சொல்வதுபோலச் சொல்லி மாந்தர் செய்தியை உணரவைப்பது உள்ளுறை. "உள்ளுறுத் திதனொ டொத்துப்பொருள் முடிகென" என்று அதற்கு விதியும் உண்டு. சொன்ன பொருளோடு சொல்லாத பொருள் ஒத்து முடிய வேண்டும் என்பதே அந்த விதி. பையனுடைய சந்தேகத்துக்கு அளவுகோலும் இதுதான். ஒத்து முடிந்தால் புலவர் வைத்தது. முடியாவிட்டால் நாம் ஏற்றியது.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு நெய்தல் பாட்டு போதும். குறுந்தொகை 51, குன்றியனார் பாடியது, ஆறே அடி:

கூன்முள் முண்டகக் கூர்ம்பனி மாமலர்
நூலறு முத்திற் காலொடு பாறித்
துறைதொறும் பரக்கும் தூமணற் சேர்ப்பனை
யானும் காதலென் யாயும்நனி வெய்யள்
எந்தையும் கொடீஇயர் வேண்டும்
அம்பல் ஊரும் அவனொடு மொழிமே.

கழிமுள்ளிக்கு வளைந்த முள். அதன் குளிர்ந்த கரும்பூ, நூல் அறுந்த முத்துப்போலக் காற்றில் சிதறித் துறைதோறும் பரவுகிறது. அப்படிப்பட்ட மணற்கரைக்கு உரியவன் அவன். அவனை எனக்கும் பிடிக்கும், அம்மாவுக்கும் அவன்மேல் மிகுந்த பிரியம், அப்பாவும் அவனுக்கே கொடுக்க நினைக்கிறார், முணுமுணுக்கும் ஊரும் உன்னை அவனோடு சேர்த்தே பேசுகிறது. இப்படித் தோழி தலைவியிடம் சொல்கிறாள்.

கரும்பலகையில் முதலில் எழுத வேண்டியது, பேசுவது யார், கேட்பது யார் என்பதை. இதைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாம் கோணலாகும். திருமணம் தள்ளிப்போவதால் கலங்கி நிற்பவளுக்குத் தோழி தைரியம் சொல்கிற பாட்டு இது. ஆகவே வருணனையில் நல்ல சேதி இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, வெளிப்படை உவமையைப் பிரித்துத் தனியே வைத்துவிடுங்கள். "முத்திற் பாறி" என்று புலவரே ஒப்பிட்டுவிட்டார். அதில் மறைவு ஏதும் இல்லை. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முத்தைக் கண்டதும் "முத்து தலைவி, நூல் கற்பு" என்று சமன்பாடு போட ஆரம்பித்துவிடுவார்கள். மன்னார் வளைகுடாக் கரைப் பிள்ளைகளுக்கு முத்து என்றால் கை இன்னும் சுருக்காக ஓடும்.

மூன்றாவதாக, வருணனை எந்தப் பெயரில் போய் முடிகிறது என்று பாருங்கள். இங்கே "சேர்ப்பனை" என்பதில் முடிகிறது. பூ சிதறுவது அவன் கரையில், எனவே அது அவனைப் பற்றிய சேதி. கடைசியாக வினைச்சொல். பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே உள்ளுறைக்குச் சரியான பிடி. பாறி, பரக்கும். ஓரிடத்தில் இருந்த ஒன்று கிளம்பித் துறைதோறும் போய்ச் சேர்கிறது. பாட்டின் பிற்பாதியில் அப்படிப் பல இடம் போய்ச் சேர்ந்தது எது?

ஊர்ப்பேச்சு என்பது சட்டென்று வரும் விடை. அதைத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் பிற்பாதியை எண்ணிப் பாருங்கள். யான், யாய், எந்தை, ஊர் என்று நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள். அவன்மேல் உள்ள விருப்பம் ஒவ்வொரு துறையாகப் பரவி எல்லோரையும் தொட்டுவிட்டது. "துறைதொறும்" என்ற சொல்லுக்கு இப்படித்தான் முழு வேலை கிடைக்கிறது, தோழியின் தேற்றும் குரலோடும் அது இசைகிறது. ஊர்ப்பேச்சு என்று மட்டும் கொண்டால் யாயும் எந்தையும் வெளியே நின்றுவிடுவார்கள். இரண்டு விளக்கம் போட்டியிடும்போது பாட்டின் அதிகச் சொற்களுக்கு வேலை தருவதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, கூன்முள்ளுக்கு என்ன பொருள் என்று அடுத்த பையன் கேட்பான். ஒன்றும் வேண்டாம். முள்ளி என்றால் முள் இருக்கும்.

கேள்வி: உள்ளுறை, இறைச்சி இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது.
— உச்சிப்புளி

புத்தகங்களைக் குறை சொல்ல வேண்டாம், இறைச்சிக்குப் பழைய உரையாசிரியர்களே ஒரே விளக்கம் தரவில்லை. தேர்வுக்கும் வாசிப்புக்கும் உதவுகிற ஒரு வழி சொல்கிறோம்.

உள்ளுறையில் ஆளுக்கு ஆள் பொருத்தம் இருக்கும். குறுந்தொகை 8 ஆலங்குடி வங்கனார் பாடியது. "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்று பரத்தை பேசுகிறாள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிர்ந்த பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது. பழம் தலைவன், வாளை அவள். நான் தேடிப் போகவில்லை, அவர் தாமாக வந்து விழுந்தார் என்று வாயால் சொல்லாமல் சொல்லிவிட்டாள். பழமும் மீனும் உதிர்தலும் கவ்வுதலும் ஒவ்வொன்றாகப் பொருந்தி முடிகின்றன. அதே பாட்டில், தன் வீட்டுக்குப் போனதும் மனைவி சொன்னபடி கையையும் காலையும் தூக்கும் "ஆடிப்பாவை" (கண்ணாடியில் தெரியும் உருவம்) வருகிறது. அது போல என்ற உருபோடு வரும் வெளிப்படை உவமை. ஒரே பாட்டில் இரண்டும் இருப்பதால் பழகுவதற்கு இதைவிடத் தோதான பாட்டு கிடைப்பது அரிது.

இறைச்சியில் அப்படி ஆளுக்கு ஆள் கோடு போட முடியாது. காட்சி முழுதாக நின்று ஒரு குறிப்பைத் தரும். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37-ஐப் பாருங்கள். பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யாமரத்தின் கிளையைப் பிளந்து தருகிற வழி, அவர் போன வழி என்கிறாள் தோழி. தலைவன் அந்த வழியில் நடப்பவன், அந்தக் காட்சியைக் காண்பவன். கண்டால் நினைவு வரும், நினைவு வந்தால் திரும்புவான். யானைதான் தலைவன் என்று எழுதினால் பாதி தவறு, ஏனென்றால் அவன் இன்னும் எதையும் ஊட்டவில்லை, பிரிந்துதான் போயிருக்கிறான். "அன்புறு தகுந இறைச்சியுட் சுட்டலும் வன்புறை ஆகும் வருந்திய பொழுதே" என்ற தொல்காப்பிய நூற்பாவுக்கு இந்தப் பாட்டு கச்சிதமான எடுத்துக்காட்டு. வருந்துகிறவளைத் தேற்ற, அன்பு தோன்றும் காட்சியைச் சுட்டுவது.

தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் இலக்கணத்துக்கு ஒரு வரி, பாட்டின் அடி, கூற்று யாருடையது, பொருத்தம் என்ற அளவில் நிறுத்துங்கள். உள்ளுறை "உடனுறை, உவமம், சுட்டு, நகை, சிறப்பு" என ஐந்து வகைப்படும் என்ற நூற்பாவை மனப்பாடம் செய்துகொள்வதும் நல்லது, அடிக்கடி கேட்கிறார்கள்.

கேள்வி: அகநானூறு 70-ஆம் பாட்டில் எங்கள் தனுஷ்கோடி வருகிறது. அதில் வரும் இராமனைத் தலைவனின் குறியீடாகக் கொண்டு, "சீதையை மீட்டதுபோலத் தலைவன் தலைவியை அடைந்தான்" என்று கருத்தரங்கக் கட்டுரை எழுதலாமா?
— கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்

எழுதலாம், ஆனால் முதல் கேள்வியிலேயே கட்டுரை உடைந்துவிடும். ஏன் என்று பார்ப்போம்.

மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய இந்தப் பாட்டின் முற்பாதியில், வளைந்த திமிலில் போன பரதவருக்கு வேட்டை வாய்க்கிறது. சின்னக் குடியிருப்பு முழுக்கப் புலால் மணக்கிறது. வலை தந்த பயனைக் கொண்டாடிக்கொண்டு, கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் துறைக்கு உரியவன் நம்மோடு கொண்ட உறவை முன்பு பெண்கள் தூற்றினார்கள், பலரும் அறிந்தார்கள் என்கிறாள் தோழி. பிற்பாதியில் திருமணம் கூடிவிட்டது. இப்போது ஊர் எப்படி இருக்கிறது?

வெல்போர் இராமன் அருமறைக் கவித்த
பல்வீழ் ஆலம் போல
ஒலியவிந் தன்றிவ் வழுங்கல் ஊரே.

இந்த அடிகளுக்கு முன்னால் கவுரியர் என்று வருகிறது, அப்படியென்றால் பாண்டியர். அவர்களுடைய "தொன்முது கோடி"யைத் திருவணைக்கரை என்று உரைகள் சொல்கின்றன. அங்கே பல விழுதுகள் விட்ட ஆலமரத்தடியில் இராமன் மறைச்செய்தி பற்றிக் கூடிப் பேசுவதற்காக இரைச்சலை அடக்கினான். பறவைகளின் இரைச்சல் என்று உரைகள் வருவித்துச் சொல்கின்றன. பாட்டில் பறவை என்ற சொல்லே இல்லை.

இனி உங்கள் கட்டுரை. முதலாவது, "போல" வந்துவிட்டதால் இது வெளிப்படை உவமை. பொதுத்தன்மை எது என்பதையும் புலவர் "ஒலியவிந்தன்று" என்று முடித்துக் கொடுத்துவிட்டார். இரண்டாவது, பொருத்தம் போட்டுப் பாருங்கள். ஆலமரத்துக்கு ஒப்பு ஊர். அடங்கிய இரைச்சலுக்கு ஒப்பு அலர், அதாவது ஊர்ப்பேச்சு. அடக்கிய இராமனுக்கு ஒப்பு எது? ஊர்வாயை அடக்கியது தலைவன் அல்ல, "வதுவை". இராமனுக்கு எதையாவது பொருத்தியே தீர வேண்டும் என்றால் கல்யாணத்தைத்தான் பொருத்த முடியும்! சீதை பாட்டில் எங்கும் இல்லை. நமக்குத் தெரிந்த கதையிலிருந்து அவளை இழுத்து வருகிறோம். தொன்மம் வரும் இடங்களில் எல்லாம் இந்த ஆபத்து உண்டு. பாட்டு அந்தக் கதையின் ஒரு துண்டைத்தான் கடன் வாங்கியிருக்கும், நாம் முழுக்கதையையும் வட்டியோடு எழுதிவிடுவோம்.

உள்ளுறை வேண்டுமானால் முற்பாதிக்குப் போங்கள். "பகுக்கும் துறைவன்" என்பதில் வருணனை தலைவனில் முடிகிறது. மீன்பாடு நன்றாக விழுந்த நாளில் அதை யாரும் ஒளிக்க முடியாது. மணம் காட்டிக்கொடுத்துவிடும், குடியிருப்பில் ஆளுக்கு ஒரு கூறு போகும். அதேபோல அவர்கள் உறவும் வெளிப்பட்டது, ஊரில் ஆளுக்கு ஒரு கூறாகப் பேசிப் பகிர்ந்துகொண்டார்கள். வாய்த்தல், கமழ்தல், பாராட்டல், பகுத்தல் என்று வினைகள் வரிசையாகப் பொருந்துவதைக் கவனியுங்கள். அலருக்கும் அம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே ஒரு வரி சேர்க்கலாம். சிலர் அறிந்து முணுமுணுப்பது அம்பல், பலரும் அறிய வெளிப்படப் பேசுவது அலர். பாட்டில் இரண்டு சொல்லும் இருக்கின்றன.

பிற்பாதியில் பொன் நிற ஞாழலும் புன்னையும் உதிர்ந்து துறையைக் கோலமிடுகின்றன. நெய்தல் பூவைப் பெண்கள் தழையாடையில் சேர்க்கிறார்கள். புலால் மணம் போய்ப் பூ மணம் வந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள், அழகான கவனிப்பு அது. ஆனால் உள்ளுறை என்று பெயர் வைக்காதீர்கள். இலக்கணப்படி அந்தப் பூக்கள் தலைவன் துறையில் இல்லை, உவமையாக வந்த கோடித் துறையில் உதிர்கின்றன. கருத்தரங்கில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் இதைத்தான் பிடிப்பார்.

கேள்வி: சிவப்பு கோபம், கறுப்பு துக்கம், வெள்ளை தூய்மை. நாரை வந்தால் ஏமாற்று. இப்படி ஒரு பட்டியல் எங்கள் பயிற்சி மையத்தில் தருகிறார்கள். நம்பலாமா?
— ஏர்வாடி

வேண்டாம். குறுந்தொகையின் முதல் பாட்டை எடுங்கள், திப்புத்தோளார் பாடியது. செங்களம், செங்கோல் அம்பு, செங்கோட்டு யானை, சேஎய், குருதிப் பூ. நான்கே அடிக்குள் சிவப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பட்டியலை நம்புகிறவர் கோபம், போர், சாவு என்று எழுதுவார். நடப்பதோ வேறு. தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்து நிற்கிறான், தோழி வாங்க மறுக்கிறாள். எங்கள் மலை முருகனுடைய மலை, இங்கே காந்தள் குலைகுலையாகக் கிடக்கிறது, உன் பூ எதற்கு என்பது அவள் சொல்லாமல் சொன்னது. சிவப்புக்கு அங்கே பொருள் உண்டு, அது முருகன் நிறம். அந்தப் பொருளைத் தந்தது பாட்டுக்குள் திரும்பத் திரும்ப வந்த அடுக்கு. பட்டியலில் அது கிடைக்காது.

பறவைக்கும் அப்படியே. கபிலரின் குறுந்தொகை 25-இல் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு, களவு மணத்துக்கு ஒரே சாட்சி. அதன் கவனமெல்லாம் இரைமேல் இருப்பதால் உதவாத சாட்சி. அம்மூவனார் பாடிய ஐங்குறுநூற்று நெய்தலில் வெள்ளாங்குருகுப் பத்து என்று ஒரு பகுதி உண்டு. பத்துப் பாட்டும் "வெள்ளாங் குருகின் பிள்ளை செத்தென" என்றே தொடங்கும். அங்கே பழைய உரை அந்தக் குருகைப் பரத்தைக்குப் பொருத்துகிறது. பத்துப் பாட்டிலும் ஒரே தொடக்கம் வருவதால் அந்தப் பத்துக்குள் ஒரே திறவுகோலைப் போட்டுப் பார்க்கலாம். பத்தை விட்டு வெளியே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: சித்தர் பாடல்களுக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களுக்கும் இதே முறையில் பொருள் காணலாமா?
— தொண்டி

முறை மாறும். சித்தர் பாடலில் இருப்பது பரிபாஷை, அதாவது பூட்டும் சாவியுமாகச் செய்த மொழி. கடுவெளிச் சித்தரின் இந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரியும்:

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி.

இங்கே தோண்டி உடல், குயவன் படைத்தவன், ஆண்டி உயிர், நந்தவனம் உலகம். சாவி சரிதானா என்று காட்டுவது "நாலாறு". பெருக்கினால் இருபத்துநாலு, அதற்குப் பொருள் கிடைக்காது. கூட்டினால் பத்து, கருவில் இருக்கும் மாதக்கணக்கு. ஒரு சொல்லுக்குப் பொருள் வைத்ததும் மற்றச் சொற்கள் தாமாக இடத்தில் உட்கார்ந்தால் சாவி சரி. குதம்பைச் சித்தரின் "மாங்காய்ப் பால்" போன்றவை அப்படி எளிதில் திறக்காது. யோக மரபு தெரியாமல் அவற்றுக்கு ஊகமாகப் பொருள் எழுதுவதைவிட விட்டுவிடலாம். சங்கப்பாட்டில் நாரை நாரையாகவும் இருக்கும், மறைபொருளையும் தாங்கும். சித்தர் பாட்டிலோ சாவி கிடைத்ததும் தோண்டிக்கு வேலை முடிந்துவிடுகிறது.

மஸ்தான் சாகிபு உங்கள் பக்கத்துக்காரர், தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்தவர். அவருடைய மனோன்மணிக் கண்ணியைப் படிக்கிறவர்கள் காதல் பாட்டோ என்று திகைப்பார்கள். மனோன்மணி என்ற பெயர் யோக, சாக்த மரபிலிருந்து வருகிறது. பரம்பொருளைக் காதலியாக வைத்து ஏங்குவது சூஃபி மரபில் பழகிய வழி. இரண்டையும் அவர் ஒன்றாக்கினார். ஆழ்வார், நாயன்மார் பாடல்களில் பாடுகிறவர் பெண்ணாகி இறைவனைத் தலைவனாக்குவார். இங்கே திசை மாறி, பாடுகிறவர் காதலனாகிறார். இந்தத் திசையைப் பிடித்துக்கொண்டால் போதும். கண்ணுக்கு ஒன்று, கூந்தலுக்கு ஒன்று என்று உறுப்புவாரியாகப் பொருள் அடுக்கினால் ஏக்கம் கணக்கேடாகிவிடும்.

கேள்வி: மீனவர் வாழ்க்கையை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். கடலை வாழ்க்கைக்கும் படகைக் குடும்பத்துக்கும் குறியீடாக வைத்தேன். படித்த நண்பர்கள் "செயற்கையாக இருக்கிறது" என்கிறார்கள். எங்கே தவறு?
— சாயல்குடி

கடல் வாழ்க்கை, படகு குடும்பம் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு எழுத உட்கார்ந்ததுதான் தவறு. அப்படி எழுதும்போது படகு மிதப்பதை நிறுத்திவிடும். கதைக்குள் அந்தப் பொருள் முதலில் தன் வேலையைச் செய்ய வேண்டும். அது வேலை செய்யும் விதத்திலிருந்தே குறியீடு கிளம்ப வேண்டும்.

கரைவலையை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டமாகப் போகும். மறுமுனையைத் தள்ளி வேறொரு இடத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடைசியில் வலையின் மடி (மீன் சேரும் பை) கரையேறும்போது எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பார்கள். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருவரை ஆளுக்கு ஒரு கயிற்றில் நிறுத்துங்கள். ஒரு வரி விளக்கம் வேண்டாம். இழுவையே அவர்களைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். மடியில் மீன் இருந்ததா, பாசியும் சொறிமுட்டையும்தான் இருந்தனவா என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.

காற்றிலும் உங்கள் கரைக்கென்று ஒரு சரக்கு இருக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். மண்டபம், பாம்பன் பக்கத்தில் ஒரே ஊரில் இரண்டு கடல், இரண்டு குணம். இதை வைத்து ஒரு குடும்பக் கதை எழுதலாம். ஆனால் மாதத்தைத் தவறவிட்டால் அந்த ஊர் வாசகர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வைகாசி மாதத்தில் உங்கள் நாயகன் விசைப்படகில் போய் அள்ளிக்கொண்டு வந்தால், அந்த மீனுக்கு எத்தனை ஆழமான பொருள் இருந்தாலும் கதை நிற்காது. நாட்டுப்படகு என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அளவையும் சொல்லிவிடுகிறோம். இரண்டாயிரம் சொல் கதைக்கு ஒரு பொருள் போதும், மூன்று இடத்தில் வரலாம். முதல் கால்பகுதிக்குள் சாதாரணப் பயன்பாட்டில் ஒருமுறை, யாரும் அதைத் தனியாகக் கவனிக்கக் கூடாது. நடுவில் ஏதோ ஒரு மாற்றத்தோடு, கிழிந்தோ கைமாறியோ அடகுபோயோ. மூன்றாவதாக, ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில். நான்காவது முறை வந்தால் வாசகர் முதுகில் தட்டுவதுபோல் ஆகும். ஒரே பொருள் இரண்டாம் முறை வரும்போது எப்படிப் பொருள் புரளும் என்பதற்குப் புதுமைப்பித்தனின் "சாப விமோசன"த்தைப் பாருங்கள். அகலிகை முதலில் கல்லாக இருந்தது சாபத்தால். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு மறுபடி கல்லாகிறாள், அது சாபம் இல்லை. கல் அதே கல்தான், ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்கவும் இல்லை.

எழுதி முடித்ததும் ஒரு வேலை. "அவன் வாழ்க்கையைப் போலவே", "ஏதோ சொல்வதுபோல", "அர்த்தத்தோடு பார்த்தது" என்ற தொடர்களைத் தேடி அடித்துவிடுங்கள். பிறகு குறியீடு என்ற பேச்சையே எடுக்காமல் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். நடந்ததை அவர் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டால் கதை நிற்கிறது. "வலை எதைக் குறிக்கிறது?" என்று திருப்பிக் கேட்டால் மறுபடி மேசைக்குப் போகவேண்டியதுதான்.

கேள்வி: ஆசிரியர் நினைக்காத பொருளை வாசகர் காணக்கூடாதா?
— தேவிபட்டினம்

காணலாம். பாட்டில் உள்ள சொல் எதுவும் அதை மறுக்கக்கூடாது, அவ்வளவே.

கேள்வி: வீட்டில் இருந்தபடியே இதைப் பழக எந்த உரையிலிருந்து தொடங்குவது?
— இல்லத்தரசி, கீழக்கரை

நற்றிணைக்குப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரை, 1915-இல் வந்தது. பாட்டுக்குப் பாட்டு உள்ளுறை இது, இறைச்சி இது என்று தனியே எடுத்து எழுதியிருப்பார். பழகுகிறவர்களுக்கு அதுபோல் துணை வேறில்லை, நடை மட்டும் கொஞ்சம் பழையது. குறுந்தொகைக்கு உ.வே.சாமிநாதையர் பதிப்பு, 1937. விசேடவுரையில் நுணுக்கங்கள் இருக்கும், ஒப்புமைப் பகுதியில் அதே பூ, அதே பறவை வேறு எங்கெல்லாம் வருகிறது என்று திரட்டியிருப்பார். பட்டியலை நம்பலாமா என்று ஏர்வாடி வாசகர் கேட்டதற்கு முழு விடை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கையில் புத்தகம் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் சங்க நூல்களை உரையோடு படிக்கலாம்.

உரையை முதலில் திறக்காதீர்கள். பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பேசுபவர், கேட்பவர், வினைச்சொற்கள், வருணனை முடியும் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உங்கள் ஊகத்தையும் ஒரே வரியில் எழுதிவிட்டு உரையைப் பாருங்கள். உரை உங்கள் ஊகத்தோடு ஒத்துப்போகாத இடங்களை அடித்துவிடாமல் ஓரத்தில் வையுங்கள். உரையாசிரியர் சொன்னது எந்தச் சொல்லைப் பிடித்து என்று தேடுங்கள். நெய்தல் பாட்டுகளில் தொடங்கினால் உங்களுக்குச் சுலபம். புன்னையும் தாழையும் கழியும் உப்பும் என்னவென்று அகராதியைப் புரட்ட வேண்டியிருக்காது.